ஊர்த் தாவரப் பட்டியலில் எது மண்ணின் செடி, எது அயல் செடி: தீர்மானிப்பது எப்படி?

கேள்வி இது: "எங்கள் ஒன்றியத்தில் கண்மாய், கரடு, புறம்போக்கு, சாலையோரம் என்று எல்லா இடத்திலும் உள்ள செடிகொடிகளைப் பட்டியலிடத் தொடங்கியிருக்கிறோம். பெயருக்குக் கைபேசிச் செயலியை நம்புகிறோம். எது நம் மண்ணுக்கு உரியது, எது வெளியிலிருந்து வந்தது என்று எப்படி முடிவு செய்வது? பிற்காலத்தில் வேறொருவர் நம்பிப் பயன்படுத்தும்படி இதை எப்படிப் பதிவு செய்வது?"

இதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. இது என்ன செடி? எங்கிருந்து, எப்போது வந்தது? வந்த இடத்தில் என்ன செய்கிறது? மூன்றுக்கும் வேறு வேறு சான்று வேண்டும். பெரும்பாலான உள்ளூர்ப் பட்டியல்கள் முதல் கேள்வியை அரைகுறையாக விட்டுவிட்டு நேரே மூன்றாவதற்குத் தாவி, 'ஆக்கிரமிப்புத் தாவரம்' என்று எழுதிவிடுகின்றன. அந்தப் பட்டியலைப் பத்து ஆண்டு கழித்து எடுத்துப் பார்ப்பவருக்கு, அன்று பார்த்தது உண்மையில் எந்தச் செடி என்று தெரிந்துகொள்ள வழியே இருக்காது. அதனால் முதலில் சொல்ல வேண்டியது: உலர்த்திய மாதிரியும் அதன் சீட்டும் இல்லாத பதிவு வெறும் அபிப்பிராயம்தான்.

பெயரில் பிழை வந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிவப்புச் சாயம் தரும் கோச்சினீல் பூச்சியை இந்தியாவில் வளர்க்கக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆசைப்பட்டது. மெக்சிகோவின் சாய வணிகம் ஸ்பெயின் கையில் இருந்தது. சைதாப்பேட்டையில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் அந்தப் பூச்சிக்குத் தீனியாகச் சப்பாத்திக்கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி வந்து சேர்ந்தது. ஆனால் அது நல்ல சாயம் தரும் டாக்டைலோபியஸ் காக்கஸ் அல்ல. அதே பேரினத்தின் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி) வேறொரு இனமான டா. சிலோனிகஸ். சாயம் தரமாக இல்லை. போன இடமெல்லாம் ஒபன்ஷியா மோனகாந்தா என்ற கள்ளியை மட்டும் தின்று தீர்த்தது. இதைக் கவனித்தவர்கள் 1836 முதல் 1838 வரையிலான ஆண்டுகளில் அதைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து கள்ளியை அழிக்க விட்டார்கள். களையை ஒழிக்கப் பூச்சியை ஏவிய உலகின் மிகப் பழைய முயற்சிகளில் இது ஒன்று. மோனகாந்தா ஒடுங்கியது. பக்கத்திலேயே நின்ற ஒபன்ஷியா டில்லேனியை அந்தப் பூச்சி தொடவில்லை. 'சப்பாத்திக்கள்ளி' என்று மொத்தமாகப் பார்த்தவருக்குப் பூச்சி பாதி வேலைதான் செய்தது போலத் தெரியும். இரண்டையும் தனித்தனி இனமாக அறிந்தவருக்குத்தான் இரண்டாவது கள்ளிக்கு இரண்டாவது பூச்சி வேண்டும் என்பது புரியும். அந்த இரண்டாவது பூச்சியான டா. ஒபன்ஷியே 1926இல் இலங்கை வழியாக வந்தது. தென்னிந்தியக் காடுகளை அடைத்துக்கொண்டிருந்த முள்கள்ளிக் கூட்டம் அதன் பிறகே ஒடுங்கியது.

சால்வீனியா கதை இன்னும் கூர்மையானது. கேரளத்து வயல்களையும் காயல்களையும் மூடிய, அங்கே 'ஆப்பிரிக்கன் பாயல்' எனப்படும் மிதவைப் பெரணியை நெடுங்காலம் சால்வீனியா ஆரிகுலேட்டா என்றே நினைத்தார்கள். அந்த இனத்தின் மேல் வாழும் பூச்சிகளைத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து பல நாடுகளில் விட்டார்கள், பலன் இல்லை. 1972இல் டி.எஸ். மிச்சல் அதைச் சால்வீனியா மொலெஸ்டா என்ற தனி இனமாக விவரித்தார். அதன் தாயகம் தென்கிழக்கு பிரேசில் என்பது 1978இல்தான் தெரிந்தது. அங்கே அதைத் தின்ற கூன்வண்டு, பார்வைக்கு முன்பு விட்ட பூச்சிகளில் ஒன்றான கூன்வண்டைப் போலவே இருந்தாலும், வேறு இனம். அதை விட்ட இடங்களில் ஓரிரு ஆண்டுகளில் நீர்ப்பரப்பு வெளியே தெரிந்தது. ஒரு பெரணியின் பெயரைச் சரியாக எழுதத் தவறியதற்குப் பல நாடுகள் கொடுத்த விலை பல ஆண்டுகள்.

இனி செயலிக்கு வருவோம். பேரினம் வரை கொண்டுபோய் விட அது நல்ல துணை. அதற்கு மேல், குறிப்பாகப் புல், கோரை, சூரியகாந்திக் குடும்பம், சென்னா, ஆல்டர்நாந்தெரா போன்றவற்றில், அதை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. படத்தில் விழாத உறுப்பில்தான் பெரும்பாலும் வேறுபாடு இருக்கும். தமிழகத்துப் பட்டியல்களில் அடிக்கடி மாறிப்போகும் சிலவற்றைச் சொல்கிறேன்.

சீமைக் கருவேலம், வன்னி, கருவேலம். பூவும் நெற்றும் இருந்தால் கருவேலத்தைப் பிரிப்பது எளிது: பூ மஞ்சள் உருண்டை, நெற்று மணி கோத்ததுபோல் ஒவ்வொரு விதைக்கும் இடையில் இடுங்கியிருக்கும். மற்ற இரண்டுக்கும் பூ நீண்ட கதிர். சீமைக் கருவேலத்தில் முள் இலைக்கணுவில், பெரும்பாலும் இரட்டையாக இருக்கும். நெற்று தடித்து, சதைப்பற்றோடு, பழுத்தால் மஞ்சளாகும். வன்னியில் முள் கணுக்களுக்கு இடையில், அடி அகன்று, சிதறலாக இருக்கும்; நெற்று மெலிந்து தொங்கும். நெற்றில்லாத காலத்தில் ஒரு சாண் கிளையைக் கையில் எடுத்து முள் எங்கே கிளம்புகிறது என்று பார்த்தாலே போதும். 'சீமைக் கருவேலம் அகற்றும் பணி' என்ற பெயரில் வன்னியும் கருவேலமும் வெட்டுப்படுவதற்குக் காரணம் இந்த ஒரு பார்வை இல்லாததுதான்.

கொன்றையும் முதுமலை, வயநாடு காடுகளில் இப்போது பெருகிநிற்கும் சென்னா ஸ்பெக்டாபிலிஸும். சரக்கொன்றையில் பூங்கொத்து தொங்கும். சிற்றிலைகள் பெரியவை, 4 முதல் 8 இணை. ஸ்பெக்டாபிலிஸில் பூங்கொத்து கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும். சிற்றிலைகள் குறுகிக் கூர்மையாக, இணைகளும் அதிகம். தூரத்திலிருந்து எடுத்த படத்தில் இரண்டும் வெறும் மஞ்சள் மரங்கள்தான்.

பொன்னாங்கண்ணியும் அலிகேட்டர் களையும். கீரையாகத் தின்னும் பொன்னாங்கண்ணியின் பூவுருண்டைகள் காம்பில்லாமல் இலைக்கக்கத்தில் ஒட்டியிருக்கும். ஏரி, கால்வாய்களில் படரும் ஆல்டர்நாந்தெரா ஃபிலாக்சராய்டிஸில் உருண்டை தனிக் காம்பின் நுனியில் நிற்கும்; தண்டு உள்ளே குழல்போல் வெற்றாக இருக்கும். இவ்வளவுதான் வித்தியாசம்.

நாட்டுப் பெயரை ஒருபோதும் சான்றாகக் கொள்ளாதீர்கள். ஆனால் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். பழைய மருத்துவக் குறிப்புகளில் ஆகாயத்தாமரை என்பது பிஸ்டியா என்ற மிதவைச் செடி; இன்றைக்குப் பத்திரிகைகளில் அதே பெயர் வெங்காயத்தாமரைக்குப் போய்விட்டது. அறிவியல் பெயரில் உள்ள ஊர்ப்பெயரும் அப்படித்தான்: கல்வாழையின் பெயர் கன்னா இண்டிகா, தாயகமோ அமெரிக்கக் கண்டம்.

மாதிரி எடுக்கும் முறையை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் வேலை கெடுகிறது.

ஒரு மாதிரியில் பூவும் காயும் இரண்டும் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கிடைத்தால் இன்னொரு பருவத்தில் அதே இடத்துக்குப் போய் எடுத்துச் சேருங்கள். அவரைக் குடும்பத்துக்கு நெற்று, சூரியகாந்திக் குடும்பத்துக்கு முதிர்ந்த விதை, கோரைக்கு முதிர்ந்த கொட்டை இல்லாவிட்டால் பெயர் உறுதியாகாது. சிறு செடியானால் வேரோடு எடுங்கள். புல்லுக்கும் கோரைக்கும் அடிப்பகுதியும் கிழங்கும் கட்டாயம். ஓராண்டுச் செடியா பல்லாண்டுச் செடியா என்பதே அங்கேதான் தெரியும். மரமானால் ஒரு கிளை, பட்டையைப் பற்றிய குறிப்பு, உயரம், மார்பளவில் சுற்றளவு. ஒரே இடத்தில் மூன்று நான்கு பிரதிகள் எடுத்தால் ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு மற்றவற்றை வெவ்வேறு ஹெர்பேரியங்களுக்கு (உலர்த்திய தாவர மாதிரிகளைக் காக்கும் இடங்களுக்கு) அனுப்பலாம். ஐந்தாறு செடிதான் இருக்கிறது என்றால் முழுச் செடியைப் பறிக்காதீர்கள். படமும் ஒரு சிறு கிளையும் போதும்.

ஹெர்பேரியம் தாளின் அளவு 42 × 28 செ.மீ. செடி அதைவிட நீளமானால் 'வி' அல்லது 'என்' வடிவில் மடிக்கவும். இலைகளில் ஒன்றிரண்டையாவது திருப்பி, அடிப்பக்கம் தெரியும்படி வைக்கவும். ரோமமும் சுரப்பிகளும் அங்கேதான் இருக்கும். செய்தித்தாளுக்குள் வைத்து, மரச்சட்ட அழுத்தியில் இறுக்கிக் கட்டி, முதல் நாள் கழித்துத் தாளை மாற்றும்போது மடங்கிய இலைகளைச் சரிசெய்யவும். அதன் பிறகு செய்ய முடியாது, ஒடிந்துவிடும். முதல் நான்கைந்து நாள் தினமும் தாள் மாற்ற வேண்டும். வெயில் காலத்தில் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். தாளை மாற்றாமல் விட்டால் இலை கறுக்கும், பூஞ்சணம் பிடிக்கும், இலைகள் கணுவோடு கழன்று விழும். வடகிழக்குப் பருவமழையில் வெளியூர்ப் பயணம் என்றால், செய்தித்தாளில் மடித்த மாதிரிகளைக் கட்டாகக் கட்டி, கெட்டியான பாலித்தீன் பைக்குள் போட்டு, 60 முதல் 70 சதவீத ஆல்கஹால் ஊற்றி நனைத்து மூடிவிடலாம். சில வாரம் தாங்கும். பூவின் நிறம் போய்விடும். அதனால் நிறத்தை முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

நீர்ச்செடியைத் தட்டில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டு, அடியில் தாளை நுழைத்து அப்படியே தூக்கவும். கள்ளியைக் குறுக்கே அறுத்து, உள்சதையைச் சுரண்டி, தோலையும் முள்ளையும் மட்டும் அழுத்தவும். சுரண்டாவிட்டால் அழுத்திக்குள்ளேயே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சில சமயம் துளிரும் விடும்.

பூச்சிக்கு முன்பெல்லாம் மெர்குரிக் குளோரைடில் முக்கி எடுப்பார்கள். கடும் நஞ்சு, வீட்டிலோ பள்ளியிலோ வேண்டவே வேண்டாம். நன்றாகக் காய்ந்த மாதிரியைக் காற்றுப் புகாத பையில் போட்டு, ஆழ்குளிர்ப் பெட்டியில் −20 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் வண்டும் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறை வெப்பநிலைக்கு வரும் வரை காத்திருக்காவிட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும்.

சீட்டில் என்னென்ன எழுதுவது? சேகரித்தவர் பெயர், ஓடும் எண், தேதி, ஊர், ஒன்றியம், மாவட்டம், அட்சரேகை தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம், வாழிடம், மண், செடியின் உயரம், பூவின் நிறம், மணம், பால் வடிகிறதா, நாட்டுப் பெயர், பயன். இவற்றையெல்லாம் எல்லாரும் எழுதுவார்கள். அயல் செடி ஆய்வுக்கு உயிரான இரண்டு செய்திகளை மட்டும் பெரும்பாலோர் விட்டுவிடுவார்கள். ஒன்று, நட்டதா, தானாக முளைத்ததா. தானாக என்றால் மிக அருகில் நட்ட தாய்ச்செடி எவ்வளவு தூரத்தில். இரண்டு, எத்தனை செடி, எவ்வளவு பரப்பில், நாற்றுகள் உண்டா. "சாலையோரம், 12 மரம், நட்ட வரிசை, நாற்று இல்லை" என்ற ஒரு வரி, 50 ஆண்டுக்குப் பின் ஒருவருக்குப் பொன். பழைய மாதிரிகளில் இந்த வரி இல்லாததால்தான், 19ஆம் நூற்றாண்டில் ஒரு செடி தோட்டத்தில் இருந்ததா, காட்டில் இருந்ததா என்று இன்றும் வாதம் நடக்கிறது.

காப்புக்காட்டுக்குள் இலை பறிக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். புலிகள் காப்பகம், சரணாலயம் என்றால் விதிகள் இன்னும் கடுமை. அனுமதிக் கடிதத்தின் எண்ணைக் களக்குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். ஆய்விதழ்கள் கேட்கும்.

இனி இரண்டாவது கேள்வி: மண்ணின் செடியா, அயலா?

தமிழகத்துக்கு அடிப்படை நூல் ஜே.எஸ். கேம்பிள் தொடங்கிய சென்னை மாகாணத் தாவர நூல். 1915 முதல் பகுதி பகுதியாக வந்தது. கேம்பிள் 1925இல் இறந்த பின் சி.இ.சி. ஃபிஷர் தொடர்ந்து 1936இல் முடித்தார். அதற்கு முன் ஹூக்கரின் பிரிட்டிஷ் இந்தியத் தாவர நூல், 1872 முதல் 1897 வரை, ஏழு தொகுதி. பின்னர், திருச்சியில் ராப்பினாட் ஹெர்பேரியத்தை நிறுவிய கே.எம். மேத்யூ, தமிழகத்தின் சமவெளியும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளும் சேர்ந்த கர்நாடிக் பகுதித் தாவரங்களை 1980களில் தொகுத்தார். உங்கள் ஒன்றியம் சமவெளியிலோ கிழக்குத் தொடர்ச்சி மலையடியிலோ இருந்தால் மேத்யூதான் முதல் துணை. மலை உச்சி என்றால் நீலகிரி, பழநி மலைத் தாவரங்களை எழுதிய பி.எஃப். ஃபைசன். மாதிரிகளை நேரில் ஒப்பிடக் கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல ஹெர்பேரியத்துக்குப் போங்கள்.

இந்த நூல்களைக் கால வரிசையில் வைத்துப் பார்ப்பதே ஒரு சோதனை. ஹூக்கரில் இல்லை, கேம்பிளில் 'தோட்டத்திலிருந்து தப்பியது' என்ற மாதிரிக் குறிப்பு, மேத்யூவில் எங்கும் பரவியது என்று வந்தால் வரலாறு தன்னாலே தெரிகிறது. ஆனால் 'முதல் பதிவு' என்பது முதல் வருகை அல்ல. அதற்குப் பின்னால் வந்திருக்க முடியாது என்பது மட்டுமே உறுதி. பார்த்தீனியத்தைப் பாருங்கள். 1955இல் புனேயில் தென்பட்டதை வைத்து, அமெரிக்க உதவிக் கோதுமையோடு வந்த விதை என்று நாடே பேசியது. பிறகு டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தின் ஹெர்பேரியத்தில் வனவியலாளர் பிராண்டிஸ் 1880இல் சேகரித்த மாதிரி கிடந்தது தெரியவந்தது. 1814இல் அச்சான கல்கத்தா தாவரவியல் பூங்காப் பட்டியலிலும் அந்தப் பெயர் இருக்கிறது. கோதுமையோடு மீண்டும் மீண்டும் விதை வந்திருக்கலாம். பரவல் வேகம் பிடித்தது அப்போதுதான் என்றும் இருக்கலாம். ஆனால் 'முதலில் வந்தது 1955' என்ற கூற்று ஒரே ஒரு காய்ந்த கிளையால் விழுந்துவிட்டது.

நூல் சான்று போதாதபோது வேறு வகைச் சான்றுகளைக் கூட்டிப் பார்க்க வேண்டும். அயர்லாந்தின் டி.ஏ. வெப் 1985இல் இதற்காக எட்டு அளவுகோல்களை வகுத்தார்: புதைபடிவம், வரலாற்றுக் குறிப்பு, வாழிடம், புவியியல் பரவல், வேறு நாடுகளில் அது குடியேறிய வழக்கம், மரபணு வேறுபாடு, இனப்பெருக்க முறை, வந்திருக்கக்கூடிய வழி. எந்த ஒன்றும் தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. மனிதன் கிளறிய இடத்தில் மட்டுமே வளர்வது, நெருங்கிய உறவினங்கள் எல்லாம் வேறு கண்டத்தில் இருப்பது, இங்கே அதைத் தின்னும் தனிப் பூச்சி எதுவும் இல்லாதது, காய்க்காமல் துண்டு முளைத்தே பரவுவது ஆகியவை ஒன்றாகச் சேர்ந்தால் அயல் என்று ஓரளவு துணிந்து எழுதலாம்.

வெட்டுக்காயப் பூண்டை (ட்ரைடாக்ஸ் புரோகம்பென்ஸ்) நம்மூர்ப் பாட்டி வைத்தியமாகவே எல்லோரும் அறிவர். லின்னேயஸ் 1753இல் அதை விவரித்தபோது தாயகமாகக் குறித்தது மெக்சிகோவின் வேராகுரூஸ். அந்தப் பேரினத்தின் மற்ற இனங்களும் அமெரிக்கக் கண்டத்தவை. நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்தது. கொடுக்காப்புளியும் சீத்தாவும் பிரம்மதண்டும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. மருத்துவப் பயனும் பழக்கமும் ஒரு செடியை மண்ணின் செடி ஆக்கிவிடாது. அயல் என்பது வசையும் அல்ல.

சங்க இலக்கியத்தைச் சான்றாகக் காட்டலாமா என்று கேட்பார்கள். வரலாற்றுச் சான்று என்ற வகையில் காட்டலாம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்குகிறார். மெக்சிகோச் செடி அதில் இருக்க வாய்ப்பில்லை. ஆனால் பாட்டில் உள்ள பெயர் இன்றைய எந்த இனம் என்று அடையாளப்படுத்தியது உரைகாரர்களும் பின்வந்த தாவரவியலாளரும். பல பெயர்களில் அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. வேங்கை, கொன்றை போலத் தெளிவானவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

புளி இடையில் நிற்கிறது. தாயகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா. நம்மிடம் வந்து நெடுங்காலமாகிவிட்டது. ஐரோப்பியர்கள், கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த 1492க்கு முன் வந்தவற்றைத் தொல்வரவு, பின் வந்தவற்றைப் புதுவரவு என்று பிரிப்பார்கள். அந்த எல்லைக்கோடு நமக்கும் ஓரளவு உதவும், காரணம் அமெரிக்கச் செடிகள் போர்ச்சுகீசியருக்குப் பிறகே வந்தன. அரபிக்கடல் வணிகத்தில் வந்த ஆப்பிரிக்கச் செடிகளுக்கு அது பொருந்தாது. அவற்றைத் 'தொல்வரவு' என்று தனிக் கட்டத்தில் போடுங்கள். மண்ணின் செடியோடும் சேர்க்காதீர்கள், பார்த்தீனியத்தோடும் சேர்க்காதீர்கள்.

நாட்டின் எல்லையை வைத்து முடிவு செய்வது இன்னொரு பொறி. சவுக்கு அந்தமானில் இயல்பாக வளர்வது. அதனால் 'இந்தியத் தாவரம்'. சோழமண்டலக் கடற்கரையில் அது நட்டு வந்த மரம். உங்கள் பட்டியல் உங்கள் ஒன்றியத்துக்கு. எனவே கேள்வி 'இந்தியாவுக்கு உரியதா' என்பதல்ல, 'இந்த நிலத்துக்கு உரியதா' என்பதே.

சில இடங்களில் ஒரு செடிக்கு அல்ல, நிலப்பரப்புக்கே இந்தக் கேள்வி வரும். நீலகிரியின் மேட்டுப் புல்வெளிகளைக் காடு அழிந்து மிஞ்சிய வெற்று நிலமாக எண்ணி, 19ஆம் நூற்றாண்டிலிருந்து வாட்டிலும் (ஆஸ்திரேலிய அகேசியா மரம்) தைலமரமும் நட்டார்கள். 1993இல் வெளியான ஆய்வில் சூழலியலாளர் சுகுமாரும் குழுவினரும் அங்குள்ள கரிச்சேற்றுப் படிவுகளின் (பழந்தாவரங்கள் மட்கிப் படிந்த சேறு) கார்பன் ஐசோடோப்பு விகிதத்தை, அதாவது எடை வேறுபட்ட கார்பன் அணுக்களின் விகிதத்தை, அளந்தார்கள். மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் கார்பனைப் பிடிக்கும் முறை வேறு. அந்த வேறுபாடு சேற்றில் பதிந்திருக்கும். 20,000 ஆண்டுக் கணக்கில் புல்லும் காடும் தட்பவெப்பத்துக்கு ஏற்பக் கூடிக் குறைந்து வந்திருக்கின்றன என்று தெரிந்தது. புல்வெளி மனிதன் உண்டாக்கிய பாழ்நிலம் அல்ல. இதை ஒப்புக்கொண்டால் அங்கே மரம் நடுவதைக் 'காடு வளர்ப்பு' என்று அழைக்க முடியாது.

மூன்றாவது கேள்விக்கு, வந்த செடி என்ன செய்கிறது என்பதற்கு, வரையறை தெளிவாக இருக்கிறது. பயன்படுத்தினால் பாதிச் சண்டை ஓயும். அயல் செடி அவ்வப்போது முளைத்து, வெளியிலிருந்து விதை வராவிட்டால் மறைந்துவிடுமானால் அது தற்செயல் வரவு. குப்பைமேட்டில் முளைக்கும் தக்காளி அப்படி. மனித உதவி இன்றி, தன் விதையிலோ துண்டிலோ தலைமுறை தலைமுறையாக, குறைந்தது 10 ஆண்டு நிலைத்தால் அது குடியேறியது. குடியேறியவற்றில், தாய்ச்செடியிலிருந்து வெகுதூரம் வரை பெருமளவில் சந்ததி பரப்புவது ஆக்கிரமிப்பது. 2000இல் ரிச்சர்ட்சனும் குழுவினரும் இதற்குத் தோராய அளவு சொன்னார்கள்: விதையால் பரவுவது 50 ஆண்டுக்குள் 100 மீட்டருக்கு மேல், வேர், தண்டு, படர்கொடியால் பரவுவது மூன்று ஆண்டில் 6 மீட்டருக்கு மேல். கேடு விளைவிக்கிறதா என்பது இந்த வரையறையில் இல்லை. அது தனியே அளக்க வேண்டியது.

ஊருக்கு ஊர், நூலுக்கு நூல் எண்ணிக்கை ஏன் மாறுகிறது என்பதும் இதிலேயே விளங்கும். 2012இல் வந்த இந்திய அயல் தாவரப் பட்டியலில் 1,599 இனங்கள். அவற்றில் ஆக்கிரமிப்பவை என்று வகைப்பட்டவை 225. முதல் எண்ணை எடுத்து 'இந்தியாவில் 1,599 ஆக்கிரமிப்புத் தாவரங்கள்' என்று தலைப்புப் போட்டால் தோட்டத்து ரோஜாவும் அதில் சேர்ந்துவிடும்.

பரவலை அளப்பதற்கு ஒன்றியத்தை 1 கி.மீ. கட்டங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தேடிய நேரத்தையும் நடந்த பாதையையும் எழுதுங்கள். தேடியும் கிடைக்கவில்லை என்பதையும் பதிவாக்குங்கள். இல்லையென்றால் அடுத்த முறை அங்கே கிடைப்பது புதிய வரவா, முன்பு போகாத இடமா என்று சொல்ல முடியாது. சேகரிப்பாளர்கள் சாலையை ஒட்டியே நடப்பார்கள், அயல் செடிகளும் சாலையை ஒட்டியே வரும்; இரண்டும் சேர்ந்து வரைபடத்தில் சாலையை மட்டும் சிவப்பாக்கிவிடும். அதனால் கட்டத்துக்கு ஒரு தடமாவது சாலையிலிருந்து குறைந்தது 200 மீட்டர் உள்ளே போகட்டும். பழைய மாதிரிகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடுவதை அப்படியே 'பரவல்' என்று வரையாதீர்கள். அதே காலத்தில் மண்ணின் செடிகளின் மாதிரிகளும் எவ்வளவு கூடின என்று ஒப்பிட்டு, சேகரிப்பு முயற்சி கூடியதன் பங்கைக் கழிக்க வேண்டும்.

விதை எப்படிப் போகிறது என்பதைக் களத்திலேயே பார்த்து எழுதுங்கள். சீமைக் கருவேலம் 1870களின் இறுதியில் கடப்பைப் பகுதிக்கு வந்த மரம். இன்று ஒரு கிடையைப் பின்தொடர்ந்தால் போதும்: இனிப்பான நெற்றை ஆடுமாடு தின்கிறது, விதை கெடாமல் சாணத்தோடு இறங்குகிறது, கண்மாய்க்குள் முளைக்கிறது. உண்ணிச்செடியின் பழத்தைப் பறவை தின்று, உட்காரும் மரத்தடியில் போடுகிறது. பார்த்தீனிய விதை மணல் லாரியிலும் உழவு இயந்திரச் சக்கரத்துச் சேற்றிலும் போகிறது.

அகற்றுவது பற்றிக் கேட்கவில்லை என்றாலும், பட்டியல் கைக்கு வந்ததும் அடுத்த கூட்டத்தில் அதுதான் பேச்சாக இருக்கும். இனத்துக்கு இனம் முறை வேறு. உண்ணிச்செடியைத் தரைக்கு மேல் வெட்டினால் முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்க்கும். மண்ணுக்குள் 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, தூரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். சென்னா ஸ்பெக்டாபிலிஸை வெட்டினாலும் அடிமரத்திலிருந்து கிளைக்கும். கன்றுகளை வேரோடு பிடுங்குவதும் பெரிய மரங்களுக்கு அடிவரை பட்டையை உரிப்பதும் கேரளத்தில் கையாளும் வழி. வாட்டிலை வெட்டிய பின் மண்ணில் பல பத்தாண்டுகளாக உறங்கிய விதைகள் வெளிச்சம் பட்டதும் கூட்டமாக முளைக்கும். நாற்றைப் பிடுங்க ஆண்டுதோறும் ஆள் வைக்க முடியாவிட்டால் வெட்டவே தொடங்காதீர்கள். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையுறை போட்டுப் பிடுங்குங்கள். அந்த இடத்தில் போட்டிச் செடி விதைக்கச் சொல்வோர் பரிந்துரைக்கும் சென்னா யூனிஃப்ளோராவும் அமெரிக்கச் செடிதான் என்பதை நினைவில் வையுங்கள்.

கடைசியாகப் பட்டியலின் வடிவம். ஒவ்வொரு வரியிலும் குறைந்தது இவை இருக்கட்டும்: ஏற்கப்பட்ட அறிவியல் பெயர், அடையாளம் காணப் பயன்பட்ட நூலில் உள்ள பெயர், நாட்டுப் பெயர், மாதிரி எண், மாதிரி இருக்கும் ஹெர்பேரியம், நிலை (மண்ணுக்குரியது, தொல்வரவு, தற்செயல், குடியேறியது, ஆக்கிரமிப்பது, நட்டது மட்டும், தெளிவில்லை), அந்த நிலைக்கான காரணம் ஒரு வரியில், கட்ட எண்கள். இரண்டு பெயரும் வேண்டும் என்பதற்குக் காரணம், பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2022இல் புரோசோபிஸ் பேரினத்தைப் பிரித்த பிறகு சீமைக் கருவேலம் நெல்ட்டுமா ஜூலிஃப்ளோரா ஆகிவிட்டது. வன்னி மட்டும் புரோசோபிஸாகவே இருக்கிறது. வெங்காயத்தாமரை ஐகோர்னியாவிலிருந்து பொன்டெடேரியாவுக்குப் போய்விட்டது. பழைய பெயரை எழுதாவிட்டால் கேம்பிளில் தேடுபவருக்கு எதுவும் கிடைக்காது. ஒரு செடியின் நிலை தெரியவில்லை என்றால் 'தெளிவில்லை' என்று எழுதக் கூச்சப்பட வேண்டாம். மாதிரி எண் இல்லாத வரிகளை முதன்மைப் பட்டியலில் சேர்க்காமல், 'பார்த்தவை, உறுதி செய்யப்படாதவை' என்று பின்னிணைப்பில் தனியே போடுங்கள். பெயரைப் பிறகு யாராவது திருத்தினால், தாளில் ஒட்டிய முதல் சீட்டைக் கிழிக்காமல், புதிய பெயர், திருத்தியவர், ஆண்டு எழுதிய சிறு சீட்டை அதன் மேல்பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.